நிலங்காத்தாரின் மலைநாட்டுப் பயணம்

சமவெளிநாட்டில் மலை கிடையாது. உயரம் என்றால் அங்கே பனைமரம். ஆற்றங்கரையில் ஏறி நின்றால் நாட்டின் எல்லைவரை வயல் தெரியும். அந்த மக்களுக்கு அண்ணாந்து பார்க்கும் பழக்கமே இல்லை, ஆள்பவரின் படம் போட்ட பலகைகளைப் பார்க்கும்போது தவிர.

அந்த நாட்டுச் சட்டம் எளிமையானது. எவரை அதிக வீடுகள் வாசலில் நின்று ‘வாங்க’ என்று அழைக்கின்றனவோ அவரே ஆள்வார். சட்டம் எழுதியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். சமவெளிநாட்டில் வாசலுக்கு வந்தவர் யாரானாலும் ‘வாங்க’ என்றுதான் சொல்வார்கள். வரப்புச் சண்டைக்கு வந்தவரையும் ‘வாங்க’ என்று உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். நிலங்காத்தார் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கைகூப்பி நின்றார். எல்லோரும் ‘வாங்க’ என்றார்கள். அவர் வந்துவிட்டார்.

சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு. ஆள்பவர் வெளிநாடு புறப்பட்டால் மக்கள் ‘போய் வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பவேண்டும். அதிலும் ஒரு ‘வாருங்கள்’ இருப்பதால், மறுபடியும் அழைத்ததாக ஆகிவிடும். அப்படிச் சொல்லாவிட்டால் போனவர் போனவர்தான். இந்த வரிக்கு இதுவரை வேலை வந்ததில்லை, ஏனென்றால் நிலங்காத்தார் எங்கும் போனதில்லை.

ஒருநாள் அவர் காதுக்கு ஒரு செய்தி வந்தது. ஐரோப்பாவில், மலைகளின் மடிப்புக்குள் கைக்குட்டை அளவில் ஒரு நாடு இருக்கிறதாம். ஒரு கோடியில் காலை உணவு சாப்பிட்டுவிட்டு நடந்தால் மதியச் சாப்பாட்டுக்கு மறுகோடி போய்விடலாமாம். அங்கே ஓர் இளவரசர், மலைச்சரிவுக் கோட்டையில் இருக்கிறார். வேண்டாம் என்று மக்கள் கைதூக்கினால் அவர் இறங்கிப் போய்விடவேண்டும். பலமுறை கேட்டும் யாரும் கைதூக்கவில்லையாம்.

நிலங்காத்தாருக்கு இது முள்ளாகக் குத்தியது. ஏன் தூக்கவில்லை? அறியாமை என்றார் பிரதானி அகோரமூர்த்தி. குளிரில் கை விறைத்திருக்கும் என்றார் இன்னொருவர். நிலங்காத்தாருக்குத் திருப்தி இல்லை. நேரில் போய்ப் பார்த்துக் கற்றுவருவதென்று முடிவானது.

அரண்மனையில் பயணத்துறை என்று ஒன்று இருந்தது. பயணம்தான் இருந்ததில்லை. அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் அமிர்தவல்லி. எதற்கென்றே தெரியாமல் இளம்வயதில் அந்த மலைநாட்டு மொழியைக் கற்றுவைத்திருந்தாள். அந்தச் சொற்கள் அவளுக்குள் ஆள் புழங்காத அறைபோல இருந்தன. எப்போதாவது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். பயணம் என்றதும் அந்த அறையில் ஒரு ஜன்னல் திறந்ததுபோல் இருந்தது. பனியையோ கோட்டையையோ பார்க்க அவளுக்கு ஆசையில்லை. அங்கே இருப்பவர்கள் கோபம் வந்தால் என்ன செய்வார்கள்? அதுதான் தெரியவேண்டும். அவளுக்கும் கோபம் வந்ததுண்டு. அது எங்கே போனது என்றுதான் தெரியவில்லை.

ஏற்பாடுகளைப் பேச மலைநாட்டின் தூதர் வந்தார். பெயர் ஓட்மார். சாதாரணப் பேருந்திலிருந்து தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். காலையில் வீடுவீடாகத் தபால் கொடுப்பாராம், மதியத்துக்குமேல் வெளியுறவைக் கவனிப்பாராம். பரிவாரம் பின்னால் வருகிறதா என்று பிரதானி விசாரித்தார். எல்லோரும் கிளம்பி வந்துவிட்டால் மாடு கறப்பது யார் என்று அவர் திருப்பிக் கேட்டார். அமிர்தவல்லி அதை, “வந்துகொண்டிருக்கிறார்கள்” என்று மொழிபெயர்த்தாள்.

பேச்சு முடிகிற நேரத்தில் தன் கேள்வியையும் கேட்டுவிட்டாள். உங்கள் இளவரசர் தப்பு செய்தால்?

ஓட்மார் தாடையைச் சொறிந்துகொண்டார். “கோட்டைக்கு ஏறிப்போய்ச் சொல்வோம். செங்குத்தான பாதை. ஏறும்போதே பாதிக் கோபம் மூச்சோடு போய்விடும். உச்சியில் எது மிச்சமிருக்கிறதோ அதுதான் நிஜக் கோபம். அதை அவர் கேட்டே ஆகவேண்டும்.”

“தூதர் என்ன நவில்கிறார்?” என்றார் பிரதானி.

அமிர்தவல்லிக்கு முழுவதையும் சொல்ல நாக்கு எழவில்லை. “கோட்டை உயரத்தில் இருக்கிறதாம். மக்கள் ஏறிப்போய்ப் பார்ப்பார்களாம்” என்றாள்.

அந்தப் பாதி வாக்கியத்திலிருந்துதான் மலை முளைத்தது.

அந்த நாட்டுச் செல்வாக்கின் இரகசியம் உயரமே என்று பிரதானி கண்டுபிடித்தார். தவிர, மலை ஏறிப் பழகாத கால்களோடு போய் ஆள்பவர் அந்நிய மண்ணில் மூச்சுவாங்கினால் நாட்டுக்கே அவமானம். ஆகவே பயிற்சிக்கு ஒரு மலை கட்ட ஆணை பிறந்தது. ஒவ்வொரு வயலிலிருந்தும் ஒரு முழ ஆழத்துக்கு மேல்மண் வெட்டப்பட்டது. மக்கள் தாய்மண்ணை நாட்டுக்குத் தருகிறார்கள் என்று பலகைகளில் எழுதினார்கள். மலை எழுந்ததும் படிக்கட்டுக்குப் பலகை போதவில்லை. மலைநாட்டில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை என்று தூதர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். பூட்டாத வீட்டுக்குக் கதவெதற்கு என்று அடுத்த ஆணை வந்தது. கதவுகள் கழன்று படிகளாயின.

அமிர்தவல்லியின் அக்கா தையல்நாயகி ஆற்றோரத்தில் விவசாயம் செய்கிறவள். அரண்மனைக்குத் தங்கையைத் தேடி வந்தாள்.

“ஏண்டி வல்லி, ஒரு முழம் வெட்டிட்டாங்க. நாத்து வேர் புடிக்க மாட்டேங்குது. அடியில மணல் தெரியுதுடி. இத்தோட விடுவாங்களா?”

அமிர்தவல்லிக்குப் பதில் தெரியும். ஆள்பவர் திரும்பி வந்ததும் மலைமேல் கோட்டை கட்டுவதாக முடிவாகியிருந்தது. அதற்கு இன்னொரு முழம் மண். அக்காவின் வயலில் அதற்குமேல் வயல் இருக்காது.

“அவர் வந்தப்புறம் இன்னும் வெட்டுவாங்கக்கா.”

“வந்தப்புறமா?” என்று தையல்நாயகி அந்தச் சொல்லை அழுத்திக் கேட்டாள். பிறகு, “அந்த ஊர்க்காரன் என்னதான்டி சொன்னான், இவனுங்க இந்த ஆட்டம் ஆடறதுக்கு?” என்றாள்.

விழுங்கியிருந்த மீதி வாக்கியத்தை அமிர்தவல்லி அப்போது சொன்னாள். சொல்லச் சொல்ல, பல வருடமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று தன் நெஞ்சில் வந்து உட்கார்ந்ததை உணர்ந்தாள். அது இத்தனை அமைதியாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அக்கா சிரித்தாள். “அதையும் நாலு பேருக்குச் சொல்லிவைக்கிறேன்” என்று கிளம்பினாள்.

புறப்படும் நாள் வந்தது. வழியனுப்பு விழா மலையுச்சியில். மக்கள் மேலேறி வந்து சொல்லவேண்டிய இரண்டு சொற்களையும் பிரதானி ஒலிபெருக்கியில் ஓதிக்கொண்டிருந்தார். “பேரன்புப் பெருமக்களே! ‘போய் வாருங்கள்’ எனத் திருவாய் மலர்ந்தருளி, வரலாற்றில் இடம்பெறுவீராக!”

மக்கள் ஏறினார்கள். அவர்கள் வாழ்நாளில் ஏறிய முதல் மலை அது. தங்கள் மண்ணின்மேல், தங்கள் கதவுகளை மிதித்து ஏறினார்கள். ஒருத்தி நடுவழியில் குனிந்து, தன் வீட்டுக் கதவில் மஞ்சள் பூசியிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பின்னால் வந்தவர், “ஏறும்மா, என் கதவு இன்னும் மேல இருக்கு” என்றார். அடிவாரத்தில் அவர்களிடம் நிறைய இருந்தது. வசவு இருந்தது, சாபம் இருந்தது, சிலர் கையில் கல்கூட இருந்தது. பாதி ஏறியதும் கல்லைக் கீழே போட்டார்கள். கொஞ்சம் ஏறியதும் வசவு போனது. உச்சியில் வந்து நின்றபோது மூச்சைத் தவிர ஒன்றும் இல்லாதவர்கள்போலத்தான் தெரிந்தார்கள்.

பட்டுக்கம்பளத்தில் கைகூப்பி நின்றிருந்தார் நிலங்காத்தார், முன்பு வாசல்களில் நின்றாரே அதேபோல. ஓட்மாரும் அமிர்தவல்லியும் பக்கத்தில் நின்றார்கள்.

முதலில் வந்தவள் தையல்நாயகி. இடுப்பில் கை ஊன்றி மூச்சு அடங்கும்வரை நின்றாள். பிறகு மரியாதை குறையாமல் சொன்னாள்.

“போங்க.”

பின்னால் வந்தவரும் “போங்க” என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். கூச்சல் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோலவே ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

நிலங்காத்தாரின் கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. லேசாகக் குனிந்து, ஒலிபெருக்கிக்குக் கேட்காத குரலில், “அப்புறம்?” என்றார்.

தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவ்ளோதாங்க” என்றாள்.

அமிர்தவல்லி மொழிபெயர்த்துச் சொல்லியும் ஓட்மாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மொழியில் விடைகொடுக்க ஒரு சொல் போதும். எல்லோரும் போகச் சொல்லிவிட்டார்களே, பிறகு ஏன் இவர் நகராமல் நிற்கிறார் என்று கேட்டார்.

அமிர்தவல்லி இந்தமுறை எதையும் விழுங்கவில்லை.

“எங்கள் ஊரில் அதற்கு இரண்டு சொல் வேண்டும். ஒன்று வந்துவிட்டது. இன்னொன்று மலையேறிவிட்டது.”

ஓட்மார் தலையாட்டினார். மலையேறிவிட்டதென்றால் இப்போது வந்து சேர்ந்துவிடும் என்று நினைத்து, படிகளைப் பார்த்தபடி பொறுமையாக நின்றார். நிலங்காத்தாரும் அந்தப் படிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.