பத்து செக்கன் அண்ணை

உயிரோடு இருக்கும் மனிதர்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க முயன்ற ஒரே ஆள் இந்த லண்டனில் எங்கள் பத்து செக்கன் அண்ணைதான். இதை நான் எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நான் வேலை செய்யும் பஸ் டிப்போவில் அவரும் டிரைவர். அவருடைய ஒரே மகள் ஒரு சீனப் பையனைக் காதலித்தாள்; அவனிடம் சீனமும் பழகிக்கொண்டாள். கல்யாணம் பேச, பையனின் தாய் சீனாவிலிருந்து வருவதாக ஏற்பாடு. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் துளியும் வராது.

"என்ரை பிள்ளையைப் பற்றி நான் சொல்ல, பிள்ளையே நிண்டு மொழிபெயர்க்கிறதோ? விசர்க்கதை! நானே கதைக்கிறன்" என்று அண்ணை சனிக்கிழமைச் சீன வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

ஆரம்ப வகுப்பு முடிந்து நடுநிலைக்கு வந்தபோதுதான் வினை பிடித்தது. "இனி இணையத்தில் வீடியோ பாருங்கள். சப்டைட்டிலை மறைத்துவிடுங்கள். விளங்காவிட்டால் பத்து செக்கன் பின்னால் போய்த் திரும்பக் கேளுங்கள்" என்றாராம் டீச்சர். நல்ல புத்திமதிதான். யாருக்குச் சொல்கிறோம் என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அண்ணை சப்டைட்டிலை மறைக்கவென்று போனின் அடிப்பகுதியில் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து வந்த மெசேஜெல்லாம் அவருக்குப் பாதிதான் தெரிந்தது. லீவு நாளில் சீருடையோடு வந்து நின்றார்.

"டேப்பைக் கழட்டுங்கோவன் அண்ணை!"

"ஏலாது தம்பி. கழட்டினால் கண் இங்கிலிஷுக்கு ஓடுது."

அடுத்தது விரல். கன்டீனில் யாராவது வேகமாகக் கதைத்தால், காற்றில் இடப்பக்கமாக இரண்டு தட்டுத் தட்டுவார். பத்து செக்கன் பின்னால் போ என்று அர்த்தம். நாங்களும் மறுபேச்சில்லாமல் திரும்பச் சொல்வோம். ஒருநாள் மனேஜர் திட்டியபோதும் தட்டினார். இரண்டாம் தடவை திட்டும்போது பாவம் மனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இத்தனைக்கும் அவர் பார்த்தது ஒரே ஒரு ஆளின் வீடியோக்களை. சந்தையில் தர்ப்பூசணி விற்கும் ஒரு சீனப் பெண். "செய்தி வாசிக்கிறவை பறக்கினம். சின்னப்பிள்ளையளின்ரை பாட்டுக் கேட்க வெட்கமாக் கிடக்கு. இவ ஒருத்திதான் என்ரை அளவுக்குக் கதைக்கிறா" என்றார். அவள் கூவும் ஒவ்வொரு வசனமும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

சம்பந்தி வந்த அன்று மத்தியானம் துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். 'என் மகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற ஒரேயொரு வசனத்தை மாதக்கணக்கில் பாடமாக்கி வைத்திருந்தார். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் எழுந்து நின்றார். வாய் திறந்தது, வசனம் வரவில்லை. பிறகு திடீரென்று சந்தைக் குரலில் ஏதோ கூவி முடித்துவிட்டு அமர்ந்தார்.

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"என்ன பிள்ளை சொன்னவர்?" என்று கேட்டேன்.

"அங்கிள், ஓ மை காட்! 'நல்ல பழம், நானே பார்த்து வளர்த்தது. பிழையெண்டால் திருப்பிக் கொண்டுவாங்கோ, ஒரு கேள்வியும் கேளாமல் எடுப்பன்' எண்டு சொல்லுறார். என்னைத் தர்ப்பூசணி ஆக்கிட்டார்!"

சம்பந்தியம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அண்ணையைப் பார்த்து மளமளவென்று ஏதோ சொன்னார்.

அண்ணையின் விரல் இரண்டு தட்டுத் தட்டியது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அந்த அம்மா நிறுத்தி நிதானமாகத் திரும்பச் சொன்னார். "'ஒருநாளும் திருப்பித் தரமாட்டன்' எண்டு சொல்லுறா" என்று மகள் என் காதில் சொன்னாள்.

அண்ணை மறுபடி தட்டினார். அந்த அம்மா மறுபடி சொன்னார்.

"அப்பா, இன்னும் விளங்கேல்லையே?"

"முதலே விளங்கீட்டுது பிள்ளை. இன்னொருக்காக் கேட்க ஆசையாக் கிடக்கு."

அண்ணை இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். கன்டீனில் எதையும் ஒரு தடவை சொன்னால் போதும். எனக்குத்தான் அது போதவில்லை.