இல்லாத மாளிகையின் வாசலில் நான்கு சப்பாத்துகள்

இருக்கிற வீட்டைப் பற்றிக் கதைக்கிறவர்கள் டென்மார்க்கின் ஒடென்சே நகரில் நிறைய. இல்லாத ஒரு வீட்டைப் பற்றியே வாழ்நாள் முழுக்கக் கதைத்தவர் உலகத்திலேயே எங்கள் கோட்டை அண்ணை ஒருவர்தான்.

நாங்கள் வேலை செய்த முதியோர் இல்லச் சமையலறையில் இருவரும் கிழங்கு சீவுவோம். நான் ஒன்றைச் சீவி முடிப்பதற்குள் அவர் ஒரு பிரபுவைப் பிறக்க வைத்துச் சாகடித்துவிடுவார். குடியானவர்கள் தனக்கு எதிராகக் கிளம்பிவிடுவார்களோ என்று பயந்த அந்தப் பிரபு, வயல் நடுவே அகழி வெட்டி, ஆள் நீளத் தடிப்பில் சுவர் வைத்து மாளிகை கட்டினானாம். பின்னால் வந்தவர்கள் அதை இடித்து, பாதிக் கல்லைத் தேவாலயத்துக்கும் மீதியை மாட்டுத் தொழுவத்துக்கும் கொண்டுபோனார்கள். மிஞ்சியது புல் மேடும் அகழித் தண்ணீரும்.

ஒரு மார்கழி மத்தியானம் அந்த மேட்டைக் காட்ட என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பனிப்புகாரில் முன்னால் நடந்தவரின் முதுகே தெரியவில்லை. அகழிப் பாலத்தடியில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்.

"ஆக்கள் இருந்த வீடு. சப்பாத்தோடை உள்ளுக்கை போறதே?"

இரண்டு சோடியையும் தண்ணீர் ஓரத்தில் அழகாக அடுக்கிவிட்டு மேட்டில் ஏறினோம். விருந்து மண்டபத்தைக் காட்டி முடித்து அவர் நிலவறைக்குள் இறங்கும்போது சைரன் கேட்டது.

நாயோடு உலாத்த வந்த ஒருத்தி அந்தச் சப்பாத்துகளைக் கண்டு, இரண்டு பேர் தண்ணீரில் விழுந்துவிட்டார்கள் என்று பொலிஸுக்கு அறிவித்தது பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது பனிப்புகாருக்குள் நீல வெளிச்சமும் பூட்ஸ் சத்தமும்தான். என் குடியுரிமை விண்ணப்பம் முடிவுக்குக் காத்திருந்தது. பொலிஸில் பெயர் பதிந்தால் அதோடு சரி. புல்லோடு புல்லாகப் படுத்தேன். அண்ணை எனக்கு முன்பே படுத்துவிட்டார். ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டு உள்ளே இருந்தவர். சீருடை போட்ட பஸ் சாரதியைக் கண்டாலே அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்.

கீழே தண்ணீருக்குள் ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது.

"எங்களைத்தான் தேடுறாங்கள். பாவம், விறைச்சுச் செத்துப்போடுவாங்கள்," என்று கிசுகிசுத்தார். "நீ படு. நான் தனியத்தான் வந்தனான் எண்டு சொல்லுறன்."

"மற்றச் சோடி, அண்ணை?"

"அதுவும் என்ரைதான்."

கைகளைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார். பஸ் சாரதிக்கே ஒதுங்குகிறவர் சீருடைகளை நோக்கித் தனியே போவதைப் பார்த்தபிறகு எனக்குப் படுத்திருக்க முடியவில்லை. ஓடிப்போய் ஒரு கையைப் பிடித்துக்கொண்டேன். பொலிஸ்காரர் பெயரே கேட்கவில்லை. கம்பளி போர்த்தி, கோப்பி தந்தார்.

இந்த நாட்டில் எனக்கென்று ஒரு அண்ணன் இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.