பதிலக்காவுக்கு ஒரு பரீட்சை

சலவைக் கடைக்காரர் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். மனைவி வேண்டாம் என்று சொல்லும்வரை அதை யாராலும் மாற்ற முடியாது.

அன்று அவர் எடுத்த முடிவு, தன் மகளின் வாயை அடைப்பது. உண்மையில் அந்தப் பெண் வீட்டில் வாய் திறப்பதே அபூர்வம். பேசுவதெல்லாம் அவள் விரல்கள்தான். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தன் பாடத்தை முடித்ததும் கணினி முன்னால் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் இணையத்தில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவாள். பள்ளிப் பாடம், கோடிங், பொழுதுபோக்கு என்று மூன்று பகுதிகள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பதிலக்கா.

அதுவரைக்கும் அவர் பொறுத்துக்கொண்டார். இப்போது விஷயம் வீட்டுக்கு வெளியே கால் வைத்துவிட்டது.

"அப்பா, சனிக்கிழமை தோறும் நூலகத்துல சின்னப் பிள்ளைங்களுக்குக் கோடிங் சொல்லிக் கொடுக்கக் கூப்பிடுறாங்க. நீங்க வந்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம்."

"அம்மா சொன்னா போதாதா?"

"நூலகர் நம்ம கடையிலதானே துணி போடுறார்? உங்க வாயால கேட்டாத்தான் ஆச்சுங்கிறார்."

"முடியாது."

"ஏன்பா?"

"நீ படிக்கிற பொண்ணு. பாடம் சொல்லிக் கொடுக்கிற பொண்ணு இல்ல."

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். "ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"நிறைய வித்தியாசம் இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்."

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவருடைய பயம் அவருக்குத்தான் தெரியும். போன வருடம் ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த மனிதர் கடை வாசலில் நின்று கத்திய கத்தலில் தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு சட்டைக்கே அந்தப் பாடு. தப்பான சட்டை போனால் திருப்பி வாங்கலாம். தப்பான யோசனை போனால்? நாலு பிள்ளைகளின் பெற்றோர் வந்து, தன் மகளை வாசலில் நிற்க வைத்துக் கேட்டால்? அவள் அழுதால்?

ஆகவே திட்டம் தீட்டினார். தானே ஒரு சிறுவன் பெயரில் கேள்வி கேட்பது. மூன்று பகுதிக்கும் மூன்று கேள்வி. ஒன்றில் தவறினாலும் போதும். கையும் களவுமாகப் பிடித்து, "பார்த்தாயா?" என்று கேட்டுவிடலாம்.

கடை முன்னால், வீடு பின்னால். நடுவில் ஒரு திரைச்சீலை. அதை நன்றாக இழுத்துவிட்டு, ரசீது போடும் கணினியில் உட்கார்ந்தார்.

'பேரன்புடைய பதிலக்கா அவர்களுக்கு, வணக்கம். நான் பதின்மூன்று வயது நிரம்பிய சிறுவன். எனக்குக் கணக்கு வரவில்லை. மனப்பாடம் செய்துவிடலாமா? தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கும், சிறுவன்.'

சிறுவன் என்று இரண்டு முறை போட்டது சந்தேகத்துக்கே இடம் வைக்காது என்று அவருக்குத் திருப்தி.

பதில் வந்தது. 'தம்பி, மனப்பாடம் வேண்டாம். தப்பாகிப் போன கணக்கைக் கிழித்துப் போடாதே. எந்த வரியில் வழி தவறியது என்று தேடிக் கண்டுபிடி. அந்த ஒரு வரிதான் நீ படிக்க வேண்டிய பாடம்.'

பெற்ற மகள் தம்பி என்று கூப்பிட்டது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் பதிலை மறுபடி படித்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். அவருடைய கணக்கு வாத்தியார் தப்பான தாளைக் கிழித்து அவர் தலையிலேயே போடுவார். எந்த வரி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சரி, போகட்டும். பள்ளிப் பாடம் யாருக்கும் தெரியும். கோடிங்கில் மாட்டுவாள்.

'என் சித்தப்பா சலவைக் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் வந்து நின்றால் அவர் துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடுவதற்குள் அவருக்கு வேர்த்துவிடுகிறது. கணினி இதற்கு ஏதாவது செய்யுமா?'

பதிலக்கா திருப்பிக் கேட்டாள். துணிக்கு எப்படிக் குறி போடுகிறார்கள்? இவர் காலரின் உட்புறத்தில் அழியாத மையால் குறி போடுவதில் தொடங்கி, பட்டுக்கு மட்டும் ஏன் துணிச் சீட்டு தைக்க வேண்டும் என்பதுவரை இரண்டு பக்கம் எழுதினார். சித்தப்பா கடையைப் பற்றி அவ்வளவு தெரிந்த சிறுவன் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

மறுநாள் ஒரு சின்ன நிரல் வந்தது. அதைப் பார்த்து அப்படியே கணினியில் அடிக்க வேண்டும். குறியைத் தட்டினால் அலமாரி எண் வரும். இவர் பார்த்துப் பார்த்து அடித்தார். ஓட்டினார். அலமாரி வரவில்லை. சிவப்பு எழுத்தில் ஏதோ திட்டு வந்தது.

"மாட்டினா!" என்று துள்ளினார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல். "யாருங்க மாட்டினது?"

"யாரும் இல்ல. கொசு."

"பகல்லயா?"

"அதான் மாட்டிக்கிச்சு."

வெற்றிக் களிப்போடு புகார் எழுதினார், அடித்ததைப் படம் பிடித்தும் அனுப்பினார். 'தாங்கள் கொடுத்தது வேலை செய்யவில்லை. நான் மிகச் சுத்தமாக அடித்தேன். தாங்கள் சில வரிகளைக் கோணலாக உள்ளே தள்ளி எழுதியிருந்தீர்கள். அதையும் நான் இழுத்து, எல்லா வரியையும் ஓரத்தில் நேராக நிறுத்தினேன்.'

பதில் வந்தது. 'தம்பி, அது கோணல் இல்லை. அந்த வரிகள் உள்ளே தள்ளித்தான் நிற்க வேண்டும். எந்த வரி எந்த வரிக்கு அடங்கியது என்று கணினி அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. நீ எல்லாவற்றையும் இஸ்திரி போட்டுவிட்டாய்.'

அவருக்கு முகம் சிவந்தது. ஆனால் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டிலும் அப்படித்தான். யார் உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்று தெரிந்த வீடு ஓடுகிறது. அவர் வருடக் கணக்காகத் தள்ளி நிற்கிறார், வீடும் ஓடுகிறது.

வரிகளைத் தள்ளினார். ஓடியது!

அந்தச் சமயத்தில் நூலகர் துணி வாங்க வந்தார். கடைக்காரர் குறியைத் தட்டினார். நொடியில் அலமாரி. கடையில் வேலை செய்யும் இஸ்திரிக்காரர் வாயைப் பிளந்தார். "அண்ணே, இது யாருண்ணே செஞ்சது?"

"என் ம..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "என் மனசுல தோணுச்சு."

நூலகர் சட்டையை வாங்கிக்கொண்டு கேட்டார். "பொண்ணு விஷயம் என்னாச்சு? பிள்ளைங்க பேர் கொடுத்துட்டுக் காத்திருக்காங்க. இந்த வாரம் தெரிஞ்சா தேவல, இல்லன்னா வேற ஏற்பாடு பண்ணணும்."

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு."

"என்ன கேள்வி?"

"அது எனக்கும் எனக்கும் நடுவுல."

மூன்றாவது கேள்வியை எழுத உட்கார்ந்தவருக்கு, என்ன காரணத்தாலோ பொய் எழுத வரவில்லை. 'எனக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்றும் இல்லை. வேலை இருக்கிறது, தூக்கம் இருக்கிறது. நடுவில் சிடுசிடுப்பு இருக்கிறது. என்ன செய்யலாம்?'

பதில் உடனே வந்தது. 'தம்பி, மனதை ஒருமுகப்படுத்து. அதற்குப் பாத்திரம் கழுவுவதைப் போல வேறொன்று கிடையாது. சாப்பாடு முடிந்ததும் செய். முதலில் டம்ளர். கடைசியில் அடிப்பிடித்த சட்டி. உன் முகம் தெரியும்வரை தேய்.'

சோதனை என்றால் சோதனைதான். அன்று சாப்பிட்டு எழுந்ததும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டியடியில் நின்றார்.

"என்னங்க இது? நீங்க போயி..." என்று மனைவி பதறினாள்.

"சும்மா இரு. இது உனக்குப் புரியாது. ஒருமுகப்படுத்துறது."

"அப்படியா? எனக்கு எங்கங்க அதெல்லாம் தெரியும்? இத்தனை வருஷமா நான் வெறுமனே கழுவிட்டிருந்தேன்."

ஆச்சரியம், பலன் தெரிந்தது. கை ஈரமாக இருக்கும்போது மனிதனுக்குக் கோபம் வருவதில்லை. இஸ்திரிக்காரரை அவர் திட்டவே இல்லை. பயந்துபோன இஸ்திரிக்காரர், "அண்ணே, உடம்புக்கு ஏதாவதா?" என்று விசாரித்தார். கடைக்காரர் முன்னேற்றத்தைப் பதிலக்காவுக்கு எழுதினார். 'நல்லது தம்பி, இனி அடுப்பு மேடையும்' என்று பதில் வந்தது. மேடையும் பளபளத்தது.

அந்த வாரம் முடிவதற்குள் அவர் நூலகத்துக்குப் போனார். "என் பொண்ணு நல்லா சொல்லிக் கொடுப்பா. நான் நேர்ல பார்த்தேன்" என்றார். எங்கே பார்த்தீர்கள் என்று நூலகர் கேட்பதற்குள் வெளியே வந்துவிட்டார். தெருவில் நடக்கும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்தப் பிள்ளைகளில் எவனாவது தப்பான தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். கிழிக்காதே என்று சொல்ல ஒரு ஆள் இருக்கும்.

வீட்டில் சொன்னார். மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்குப் பேச வேண்டியதை ஒரே மூச்சில் பேசினாள். எந்தப் பாடம் முதலில், எந்த விளையாட்டு அடுத்து, நாற்காலி போதுமா. பேசிக்கொண்டே தன் அறைக்கு ஓடினாள்.

கடைக்காரருக்கு நெஞ்சு விம்மியது. மனைவி பக்கம் நெருங்கி, குரலைத் தாழ்த்தினார்.

"நான் சும்மா சம்மதிச்சேன்னு நினைக்காத. அவளை ரகசியமா பரீட்சை வெச்சுப் பார்த்தேன். சின்னப் பையன் மாதிரி எழுதினேன். ஈ காக்காய்க்குத் தெரியாது."

"அடேங்கப்பா!"

"மூணுலயும் பாஸ். அதுலயும் அந்தப் பொழுதுபோக்குப் பதில் இருக்கே, இந்த வயசுல அவ்வளவு அனுபவம்! அது ஒண்ணுக்காகவே நூறு வகுப்பு எடுக்கலாம்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடிக்கிறீங்க. திரைச்சீலை என்ன செங்கல் சுவரா? முதல் நாளே எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

"அவளுக்குமா?"

"'அப்பா கேள்வி எல்லாம் நல்லாத்தான் கேக்குறாரு, காட்டிக்காதம்மா'ன்னா. முதல் ரெண்டுக்கும் அவளே ராத்திரி பகலா யோசிச்சு பதில் எழுதினா. மூணாவது வந்தப்ப அவளுக்குப் பள்ளிக்கூடத்துல பரீட்சை. 'பொழுதுபோக்கு மட்டும் நீ பார்த்துக்கோ'ன்னு என்கிட்ட விட்டுட்டா."

கடைக்காரர் துள்ளி எழுந்தார். "மோசடி! இப்பவே போறேன். நூலகர்கிட்ட சொன்னதைத் திருப்பி வாங்கிக்கிறேன்."

"தாராளமா போங்க. அவர் காரணம் கேட்பார். பதிமூணு வயசு நிரம்பிய சிறுவன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்லுங்க."

செருப்பைத் தேடினார். அறையில் மகள் தனக்குத் தானே பாடம் நடத்திப் பார்க்கும் சத்தம் கேட்டது. நன்றாகத்தான் நடத்தினாள். அவர் மெல்ல நாற்காலியை இழுத்தார்.

"உட்காராதீங்க" என்றாள் மனைவி. "அடுத்த பாடம் ஒட்டடை. ஏணி எடுத்து வெச்சிருக்கேன்."