பாய்லரின் ஹைட்ரோ டெஸ்ட்

மே மாதத்துச் சென்னையில் குளிருகிறது என்று புகார் சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருவொற்றியூரில் எங்கள் தெருவில், என் வீட்டிலிருந்து நான்காவது வீட்டில் இருந்தார். அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தில் முப்பத்துமூன்று வருடம் பாய்லர் பக்கத்தில் நின்று ஓய்வு பெற்றவர். அதனால் எல்லோருக்கும் அவர் பாய்லர். உண்மையான பெயர் கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் மட்டும் இருந்தது. சிலிண்டர் கொண்டுவருபவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரும்தான்.

கத்திரி வெயிலில் அவர் ஸ்வெட்டர் போட்டிருப்பார். பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலோரம் தேடும்போது அவர் டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடியைத் தேடுவார். ஏ.சி. மண்டபத்தில் கல்யாணம் என்றால் மணமக்களைப் பார்க்க மாட்டார். பின்கட்டில் சாம்பார் அண்டாவுக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சமையல்காரரிடம் வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். என் மைத்துனர் ஏ.சி. வார்டில் படுத்திருந்தபோது நலம் விசாரிக்க வந்தவர், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையை ஆட்டினார். ஆரஞ்சுப் பழங்கள் நர்ஸ் கையில் உள்ளே வந்தன.

இப்படிப்பட்டவர் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள வந்தார். அதற்கு ஒரு வகையில் நான் காரணம்.

துறைமுகத்துக்கு எதிரே ஒரு சரக்கு அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவில் இருக்கிறேன். கடலுக்குள் போய்வரும் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன், கடலுக்குள் நான் போனதில்லை. நாற்பத்தேழாவது வயதில் அது உறுத்தியது. ராயபுரத்தில் பிரான்சிஸ் மாஸ்டர் என்பவர் வார இறுதிகளில் டைவிங் கற்றுக்கொடுத்தார். கப்பல்களின் அடிப்பகுதியைத் தண்ணீருக்குள் இறங்கிப் பார்க்கும் வேலையில் இருந்தவர். அவரிடம் சேர்ந்தேன். செய்தி எனக்கு முன்னால் பால் பூத்துக்குப் போய்விட்டது.

பாய்லர் அங்கே நின்றுகொண்டிருந்தார். பால் பாக்கெட்டை வெறும் கையால் தொடாமல், மடித்த துண்டால் பிடித்திருந்தார்.

"இன்னா மேடம், கடலுக்குள்ள போறீங்களாமே? தண்ணி எத்தினி டிகிரி?"

"மேல இருபத்தெட்டு. அடியில ரெண்டு மூணு கொறையும்னு மாஸ்டர் சொன்னாரு."

"ஒடம்பு முப்பத்தேழு. பன்னண்டு டிகிரி வித்தியாசம்." கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "காத்த வுட தண்ணி பல மடங்கு சூட்ட புடுங்கும். அப்ப நம்ம கடலு அடியும் கனடா பனியும் ஒண்ணுதான். நானும் வர்றேன்."

கனடா எங்கே வந்தது என்று அவர் மனைவி சரோஜா அக்காதான் விளக்கினார். மகள் அங்கே இருக்கிறாள். பேரனுக்கு ஐந்து வயது. அக்கா இரண்டு முறை தனியாகப் போய்வந்துவிட்டார். "இந்த ஆளு மட்டும் பேரன ஃபோன்லயே பாத்துகினு கீறாரு. ஒரு தபா டிக்கெட்டு, பொட்டி எல்லாம் ரெடி. ஏர்போட்டு கதவு தொறந்துச்சு. உள்ளேந்து ஏசி காத்து அடிச்சுது பாரு, அப்டியே ஆட்டோ புட்சி வூட்டுக்கு வந்துட்டாரு."

பாய்லர் அதை மறுக்கவில்லை. தன் தொழிலில் இருந்து ஒரு நியாயம் சொன்னார். புது பாய்லரை நெருப்பு வைத்துச் சோதிக்க மாட்டார்களாம். முதலில் உள்ளே முழுவதும் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, அரைமணி நேரம் அப்படியே வைத்து, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்களாம். அதற்குப் பெயர் ஹைட்ரோ டெஸ்ட். "நா கனடாவுல ஓடுற பாய்லரு மேடம். ஓடுறதுக்கு முன்னாடி தண்ணில அர அவுரு நிக்கணும். நடுங்கக் கூடாது, ஒதடு நீலமாவக் கூடாது. பாஸாச்சுன்னா டிசம்பர்ல கெளம்புவேன். இல்லாங்காட்டி அந்தப் பேச்சே வேணாம்."

விதிகளைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். ஃப்ரிட்ஜ் பக்கம் அவர் போனது அன்று ஒருநாள்தான் என்று அக்கா சொன்னார்.

வகுப்பில் மற்ற நால்வரும் இருபத்தைந்து வயதுக்காரர்கள். டைவிங்கில் இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும், ஒருவர் மேலே வந்தால் மற்றவரும் வந்தாக வேண்டும். அவர்கள் ஜோடி சேர்ந்தபின் மிச்சம் நானும் பாய்லரும்.

வெட்சூட் என்கிற ரப்பர் உடையைத் தேர்ந்தெடுக்க மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பாய்லருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். மாஸ்டர் வீட்டு மாடியில் கொடியில் தொங்கிய ஒவ்வொன்றையும் கழற்றி, கைக்குள் டார்ச் விட்டு, உலைக்குள் எட்டிப்பார்ப்பதுபோல் ஓட்டை தேடினார். கடைசியில் இருப்பதிலேயே பெரிதாக ஒன்றை எடுத்தார்.

"அண்ணாத்தே, இது ஒங்க சைஸு இல்ல" என்றார் மாஸ்டர்.

"உள்ள கேப் வேணும் நைனா. கேப்புதான் சூட்ட புடிச்சி வைக்கும்."

"அது காத்துக்கு. இதுல தண்ணி பூரும். டைட்டா இருந்தா பூந்த தண்ணி நவுராது, ஒடம்பு சூட்டுல அதுவும் சூடாயிடும். லூஸா இருந்தா பழைய தண்ணி போய் புதுத் தண்ணி வந்துகினே இருக்கும்."

பாய்லர் நம்பவில்லை. நீச்சல் குளத்தில் இறங்கி ஏறியபோது இரண்டு கால்களிலும் முழங்கால்வரை தண்ணீர் தேங்கி, இரண்டு குடங்களின்மேல் நடந்துவருவது போல் வந்தார். பற்கள் தந்தியடித்தன. மாஸ்டர் அமைதியாகச் சொன்னார்: "அதான் சொன்னேன். லுங்கி எடுக்கற மாதிரி எடுக்கக் கூடாது."

அடுத்த வாரம் வேறு முடிவு. நீராவிக் குழாயில் சூடு போகாமல் கட்டும் உறை ஒரு சுற்றுப் போதாவிட்டால் இரண்டாவது சுற்று கட்டுவார்களாம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வெட்சூட் போட்டுக்கொண்டார். முழங்கை மடங்கவில்லை. மூக்கு அரித்தபோது சரோஜா அக்கா வந்து சொறிந்துவிட்டார். குளத்தில் குதித்தவர் மூழ்கவில்லை, ரப்பருக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள் ஆளைத் தூக்கிப் பிடித்தன. மாஸ்டர் இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்டினார். ஆறு கிலோ, எட்டு கிலோ, பத்து கிலோ. பாய்லர் மல்லாந்து மிதந்தபடி, "நல்லா கீது நைனா, குளுரல" என்றார்.

"தண்ணிக்கு மேலதான கீறீங்க, எப்டி குளுரும்?"

மூன்றாவது ஞாயிறு சரியானது அமைந்தது. ஐந்து மில்லிமீட்டர் தடிமன், உடம்போடு ஒட்டியது. உள்ளே நுழைய இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. பாதத்தில் ஜவுளிக்கடை பாலிதீன் பையை மாட்டிக்கொண்டால் கால் வழுக்கிக்கொண்டு போகும் என்பதை அவரே கண்டுபிடித்தார். மாஸ்டர் உட்பட நாங்கள் எல்லோரும் இன்றுவரை அப்படித்தான் போடுகிறோம். தலைக்கு ரப்பர் குல்லா, கைக்கு உறை. குதிப்பதற்கு முன் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரைக் கழுத்து வழியாக உள்ளே ஊற்றிக்கொள்வார். கைக்கடிகாரம் கட்ட மறுத்துவிட்டார். பட்டைக்கும் உறைக்கும் நடுவே கசியுமாம். அதனால் எங்கள் இருவருக்கும் என் மணிக்கட்டுக் கருவிதான் நேரம்.

வேறொரு வழியிலும் அவர் உடைக்குள் வெந்நீர் ஏற்பாடு செய்துகொண்டார். அதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பாய்லர் அடியில் தேங்குவதை அவ்வப்போது திறந்துவிடும் வேலைக்குத் தொழிலில் என்ன பெயரோ, அந்தப் பெயரைத்தான் இதற்கும் வைத்திருந்தார். தெரிந்த அன்றே மாஸ்டர் அந்த உடையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். "இனிமே இது ஒங்களுதுதான் அண்ணாத்தே. சந்தோசமா வச்சிக்கோங்க."

கடலில் மொத்தம் நான்கு டைவ். காசிமேட்டிலிருந்து ஃபைபர் படகில் தெளிந்த தண்ணீர் வரும்வரை போவோம். என் குறிப்பேட்டில் உள்ளபடி: முதல் டைவ் பன்னிரண்டு நிமிடம், இரண்டாவது பதினேழு, மூன்றாவது இருபத்துமூன்று. மூன்று முறையும் பாய்லர் தன் மார்பைக் காட்டி, கைகளைக் கட்டித் தோள்களைத் தேய்த்தார். குளிருகிறது என்பதற்கு அதுதான் சைகை. மூன்று முறையும் நான் ஒரு மீனைப் பாதி பார்த்த நிலையில் மேலே வந்தேன். மூன்றாவது முறை படகில் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன்.

"நான் மீன் பாக்க வந்தேன் அண்ணே. உங்க டெஸ்ட்டுக்கு சாட்சி சொல்ல வரல."

அவர் கோபிக்கவில்லை. என் பின்கழுத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஆலையில் குழாய்களில் சூடு கசியும் இடத்தை அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். "இங்க லீக் கீது மேடம். ஜிப்பு வாயி தொறந்துகினு நிக்குது. எங்கிட்ட இன்னொரு குல்லா கீது, தரட்டா?"

குல்லா சிவப்பு. அதைப் போட்டால் முகம் மட்டும் பிதுங்கிக்கொண்டு தெரியும், வகுப்பில் எல்லோரும் புகைப்படம் எடுப்பார்கள். வேண்டாம் என்றேன்.

நான்காவது டைவ் அக்டோபர் முதல் வாரம். அதற்குப் பிறகு மழைக்காலம், படகு போகாது. பாய்லருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. படகு கிளம்பியது. கரையில் எண்ணூர்ப் புகைபோக்கிகள் சிறிதாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மேல்தண்ணீர் இருபத்தெட்டு. பன்னிரண்டு மீட்டர் அடியில் இருபத்துநான்கு.

பத்தாவது நிமிடம் பாய்லர் அசையாமல் இருந்தார். பதினைந்தாவது நிமிடத்தில் என்னைப் பார்த்துக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் காட்டினார், எல்லாம் சரி என்று. நானும் காட்டினேன். ஆனால் எனக்குச் சரியாக இல்லை. ஒவ்வொரு முறை தலையைத் திருப்பும்போதும் முதுகுத்தண்டு வழியாக ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் இறங்கியது. தாடை தானாக ஆடியது. பதினெட்டு. பத்தொன்பது. இன்னும் பத்துப் பதினோரு நிமிடம் ஓட்டிவிடலாம் என்று பல்லைக் கடித்து, முதுகுச் சிலிண்டரிலிருந்து வரும் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

இருபதாவது நிமிடத்தில் பின்கழுத்தில் ஒரு கை பட்டது. பாய்லர் என்னைத் திருப்பினார். கைகளைக் கட்டித் தோள்களைத் தேய்த்தார். பிறகு விரலை நீட்டினார். இந்த முறை அது அவர் மார்பை நோக்கி இல்லை. என்னைக் காட்டியது.

இல்லை என்று தலையாட்டினேன். மணிக்கட்டைக் காட்டினேன். பத்து விரல்களையும் விரித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரலை மேலே உயர்த்தினார். டைவிங்கில் அதற்கு ஒரே பொருள்: மேலே போகிறோம், பேச்சு இல்லை. சற்றுத் தள்ளியிருந்த மாஸ்டரும் எங்களோடு எழும்பினார். வழியில் டைவிங் விதிப்படி ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, தலை வெளியே வந்தபோது கருவியில் இருபத்தாறு.

படகில் பாய்லர் ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீர் முழுவதையும் எனக்கு ஊற்றினார். தன் மங்கி கேப்பை என் தலையில் மாட்டினார். அவர் உதடு நீலமாக இல்லை. கை நடுங்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக் கரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மாஸ்டர் என் குறிப்பேட்டை நீட்டினார். "எத்தினி நிமிசம் மேடம்? எழுதுங்க, கையெழுத்து போட்டுர்றேன்."

பாய்லரின் முதுகு அசையாமல் நின்றது.

"முப்பத்தொண்ணு" என்றேன். முப்பது என்றால் சந்தேகப்படுவார். பேனாவால் எழுதினேன். மாஸ்டர் தன் மணிக்கட்டுக் கருவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பாய்லர் மெதுவாகத் திரும்பினார். "முப்பத்தொண்ணா?"

"முப்பத்தொண்ணு அண்ணே."

"அப்ப பாஸு." குறிப்பேட்டை வாங்கி அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். "சோக்கா கீது ஒங்க கையெழுத்து."

டிசம்பரில் அவர் கிளம்பினார். ஏர்போர்ட்டில் கதவு திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டதாக சரோஜா அக்கா சொன்னார். ஒரு வாரத்தில் புகைப்படம் வந்தது. முழங்கால் அளவு பனி, தோளில் பேரன், கோட்டுக் காலருக்கு உள்ளே கழுத்துவரை கறுப்பு ரப்பர். மாஸ்டர் கொடுத்துவிட்ட அதே உடை.

பொங்கல் அன்று பேசினார்.

"குளிருதா அண்ணே?"

"வெளிய பேஜாருதான். ஆனா வூட்டுக்குக் கீழ ரூம்ல குட்டியா ஒரு பாய்லர் கீது மேடம்! சோக்கான பாய்லரு. பக்கத்துல நாற்காலி போட்டுகினேன். பேரனும் அங்கதான். குழாயெல்லாம் கையி வச்சி பாத்தேன், நாலு எடத்துல லீக்கு. எல்லாத்துக்கும் துணி சுத்திட்டேன்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சொன்னார்: "மேடம், முப்பத்திமூணு வருசம் கேஜ் பாத்தவன் நானு. அன்னிக்கு என் காத்து சிலிண்டர் கேஜுல முள்ளு எவ்ளோ எறங்கிச்சுன்னு பாக்காம இருப்பேனா? முப்பத்தொண்ணு நிமிசம் மூச்சு வுட்ட அளவுக்கு அது எறங்கல."

"அப்புறம் ஏன் அண்ணே ஒண்ணும் சொல்லல?"

"நீங்கதான் பேனாவுல எழுதிட்டீங்களே."

என் குறிப்பேடுகளில் பிழை இருந்தால் ஒரு கோடு அடித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் தேதி போடுவது வழக்கம். இருபத்தொன்பது வருடமாக அப்படித்தான். அந்த முப்பத்தொன்றின் மேல் இன்னும் கோடு அடிக்கவில்லை. பக்கத்தில் தேதி மட்டும் ஒன்று எழுதிவைத்திருக்கிறேன். அவர் திரும்பி வரும் விமானத்தின் தேதி.