அக்காவிடம் கேட்டு எழுதவும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். நாவலுக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை. அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை, நூலகத்து மாடி அரங்கில் என் நாவலை வெளியிடுகிறார்கள். நீ வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மாடிப்படி நாற்பது, லிஃப்ட் வேலை செய்யவில்லை, நாற்காலியெல்லாம் இரும்பு. உன் முழங்காலுக்கு ஆகாது.

எழுத ஆறு வருஷம் ஆனது. வெளியிட ஆறு வாரமாக நாய் படாத பாடு படுகிறேன். அட்டைக்கு ஒரு காலி நாற்காலி வரையச் சொன்னேன், ஓவியர் கப்பல் வரைந்து அனுப்பினார், நாவலில் கப்பலே இல்லையே என்றால் உள்ளே இருப்பதையே வெளியிலும் போட்டால் யார் வாங்குவார்கள் என்கிறார், சண்டை போடத் தெம்பில்லாமல் பதினேழாம் அத்தியாயத்தில் தூரத்தில் ஒரு கப்பலைப் போகவிட்டேன். தலைமை தாங்கும் விமர்சகர் படிக்க நேரமில்லை, சுருக்கம் கொடுங்கள் என்றார். என் நாவலை நானே நான்கு பக்கம் பாராட்டி, நம்பும்படி இருக்கட்டுமே என்று இரண்டு குறையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் பாராட்டையெல்லாம் அடித்துவிட்டுக் குறைகளை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாராம்.

இதெல்லாம் போகட்டும். எழுதும்போது தெரியாத இடம் வந்தால் நிற்காமல், எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதிவிட்டு மேலே போவது என் பழக்கம். ‘பேருந்து எண் விசாரிக்கவும்’, ‘மழையா வெயிலா, பிறகு பார்க்கவும்’, இந்த மாதிரி. அச்சுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் தேடித் தேடி நீக்கினேன், ஒன்று தப்பிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா மகளைக் கிட்டே கூப்பிடுகிறார். அடுத்த வரி: ‘அக்காவிடம் கேட்டு எழுதவும்.’ முந்நூறு பிரதியிலும் அப்படியே இருக்கிறது. பிழை திருத்திய ஓய்வுபெற்ற ஆசிரியர் அதைப் பார்க்காமல் இல்லை. முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்ததாம், வைத்திருக்கிறார்.

பதிப்பாளர் துண்டுச்சீட்டு அடித்து மேலே ஒட்டிவிடலாம் என்றார். சீட்டில் என்ன அடிப்பது என்று கேட்டார். கடைசியில் அந்த வரியின் நீளத்துக்குச் சரியாக இருந்தது என்று, ‘ஒன்றும் சொல்லாமலே கண்ணை மூடினார்’ என்று அடித்தோம். மூன்று நாளாக நானும் உன் தம்பி பெண்டாட்டியும் கூடத்தில் உட்கார்ந்து ஒட்டுகிறோம். விரலெல்லாம் பசை, டீ டம்ளரைக் கீழே வைத்தால் கையும் கூடவே நிற்கிறது. நேற்று அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“ஆறு வருஷத்துல ஒரே ஒரு தடவ போன் பண்ணி அவங்களக் கேட்டிருந்தா, இப்ப முந்நூறு தடவ ஒட்ட வேணாம்.”

கேட்டிருக்கலாம்தான். ஆனா எந்த முகத்தோட கேக்கிறது? அப்பா போன அன்னிக்கு நான் எங்கே இருந்தேன்னு உனக்குத் தெரியும். யாரோ ஒருத்தரோட புத்தக வெளியீட்டில் வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருந்தேன். மேடை நாகரிகம் என்று போனை அணைத்து வைத்திருந்தேன். நீ ஆஸ்பத்திரியில் ஒற்றை ஆளாக நின்று ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாய். அப்புறமும் நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கேட்டிருப்பேன் அக்கா. நீ திட்டாததால் எனக்கு வாய் வரவில்லை.

இதற்கிடையில் விமர்சகருக்குச் சீட்டு ஒட்டாத பிரதி போய்விட்டது. சும்மா புரட்டியபோது அந்தப் பக்கம் கண்ணில் பட்டதாம். “அந்த ஒரு வரிதாங்க நாவலு. மேடையில அதத்தான் படிக்கப்போறேன்” என்றார். ஆறு வருஷம் முதுகு ஒடிய எழுதியதில், நான் எழுதாமல் விட்ட இடம்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது.

அதனால்தான் வராதே என்கிறேன். நாவலையும் படிக்க வேண்டாம், எழுத்து ரொம்பப் பொடி. நான் உன்னிடம் எதையும் கேட்கவும் இல்லை. கேட்டு எழுதுகிற வயசெல்லாம் தாண்டிவிட்டது. எழுத்தையே தலைமுழுகிவிடலாம் என்று இருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், எழுத்தாளராகாமல் இருக்கட்டும்.

பசை காயாத கையோடு,
உன் தம்பி

பி.கு: இத்துடன் உன் பிரதி வருகிறது. அதில் மட்டும் சீட்டு ஒட்டவில்லை. மாடிப்படி இருபதுதான், லிஃப்ட் நேற்றே சரியாகிவிட்டது. முதல் வரிசை ஓரத்தில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன். அப்பா கடைசியா என்னக்கா சொன்னாரு? வர முடியாவிட்டால் கூப்பிடு. மேடையில் இருந்தாலும் போனை அணைக்க மாட்டேன்.