நாலு காட்டுக்கு டேப்பு, அஞ்சாவது காட்டுக்குக் கிளி

"பொருளாதாரம் படிச்சிட்டா இவ மூஞ்சியப் பாத்து கிளி பறந்துடுமாண்ணே?"

சித்தப்பா என் அப்பாவிடம் இப்படிக் கேட்டபோது நான் அரியலூரில் விடுதியில் தங்கி பி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் தேவைக்கு அதிகமாகவே இருந்த காலம். வாயால் பதில் சொல்லாமல் செயலில் காட்டுவது என்று முடிவு செய்தேன். காட்டியும் விட்டேன்.

குரும்பலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐந்து வீட்டு மக்காச்சோளக் காடுகள் வரப்போடு வரப்பாக இருக்கும். (மழையை நம்பிய நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். கிளிகளும் அப்படித்தான் நினைத்தன.) கதிரில் பால் பிடித்ததும் மலைப்பக்கமிருந்து கிளிகள் கூட்டமாக இறங்கும். அதற்காக ஒரு முறை வைத்திருந்தோம்: நாளுக்கு ஒரு வீட்டு ஆள் காலையும் மாலையும் தகரம் தட்ட வேண்டும். ஒருவர் தட்டினால் ஐந்து காட்டுக்கும் கேட்கும்.

விடுமுறைக்கு வந்தபோது பார்த்தேன், சித்தப்பா மட்டும் முறைக்கு வரவேயில்லை.

ஒரு நாள் வீட்டுப் பக்கம் வந்தவரைப் பிடித்துக் கேட்டேன். "நீங்க ஏன் சித்தப்பா தட்டுறதில்ல?"

"நீங்க தட்டுற சத்தம் என் வரப்புல நின்னு உத்தரவு கேட்டுட்டா உள்ள வருது? அதுபாட்டுக்கு வந்துருது. நான் வேற எதுக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம்தான் வகுப்பில் பொதுப் பண்டங்கள் நடத்தியிருந்தார்கள். கலங்கரை விளக்கம் வைத்தால் எல்லாக் கப்பலுக்கும் வெளிச்சம். ஒரு கப்பலை மட்டும் பார்க்காதே என்று தடுக்க முடியாது. அதனால் செலவில் பங்கு தராமலே அனுபவிக்கும் 'இலவசப் பயணி' ஒருவர் கிளம்புவார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கடலையே பார்த்ததில்லை. எனக்கு மட்டும் இப்போது பளிச்சென்று புரிந்தது. தகரம்தான் கலங்கரை விளக்கம். சித்தப்பாதான் கப்பல்.

இதில் என் எதிர்காலமும் சிக்கியிருந்தது. எம்.ஏ. படிக்கத் திருச்சிக்கு அனுப்பச் சொல்லி அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். "அறுப்பு முடியட்டும், சொல்றேன்" என்பதே அவர் பதில். என் படிப்பு காட்டுக்கும் உதவும் என்று நிரூபித்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒருவரைத் தடுக்க முடியாது என்று புத்தகம் சொல்கிறதா? ஏன் முடியாது? பெரம்பலூர் கேசட் கடையில் கெட்டுப்போன கேசட்டுகளைக் கேட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா டவுனுக்குப் போன நேரத்தில் உள்ளே இருந்த டேப்பை உருவி, குச்சி நட்டு, நான்கு காடுகளைச் சுற்றிக் கட்டினேன். சித்தப்பா காட்டு வரப்பு வந்ததும் வெடுக்கென்று அறுத்தேன். (அந்த அறுப்பில் எனக்கு இருந்த ஆனந்தத்தை இப்போது எழுதவே கூசுகிறது.) காற்றில் டேப்பு பளபளத்து, 'ங்கொய்ய்' என்று இரைந்தது.

மாலையில் கிளிகள் வந்தன. நான்கு காட்டுக்கு மேலும் வட்டமடித்தன. மிரண்டன. பிறகு மொத்தக் கூட்டமும் ஐந்தாவது காட்டில் பந்தி உட்கார்ந்தது.

நான் கைதட்டினேன். அதற்குக்கூட ஒரு கிளியும் எழுந்திருக்கவில்லை.

பக்கத்துக் காட்டு அக்கா, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்!" என்றார். அந்த நேரம் பார்த்து அப்பா சைக்கிளில் வந்தார். பார்த்தார். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"அடிப்பாவி! அது நம்ம சோளம்டி!"

சித்தப்பா ஆடியிலேயே சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போய்விட்டாராம். காட்டை அப்பாவிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். பாடு முழுக்க அப்பாவுடையது, விளைச்சல் பாதிப் பாதி. அதனால் அந்தக் காட்டு முறையையும் அப்பாவே தட்டினார். அவர் இரண்டு நாள் தொடர்ந்து தகரம் தட்டியதை நானும் பார்த்தேன்தான். ஏமாளி மனுஷன் என்று பரிதாபப்பட்டிருந்தேன்.

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"நீ கேட்டியா? ஒன்ன திருச்சிக்கு அனுப்பத்தான் அந்தக் காட்டையே எடுத்தேன்."

தகரத்தை எடுத்தேன். விடுமுறை முடியும் வரை விடிந்தது முதல் பொழுது சாயும் வரை அந்த ஒரு காட்டிலேயே நின்று தட்டினேன். பாதிக்கு மேல் மிஞ்சியது.

அடுத்த வாரம் வந்த சித்தப்பா, மணி உதிர்ந்த ஒரு கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா தலைகுனிந்து நின்றார். நான் தகரத்துக்குப் பின்னால் நின்றேன்.

"அண்ணே, இவள திருச்சிக்கே அனுப்பிடு" என்றார் சித்தப்பா. "ஊர்ல வச்சிருந்தா மிச்ச நாலு காடும் போயிடும். அவ படிப்புச் செலவுக்கு என் பாதியையும் சேத்துக்க."

போனேன். எம்.ஏ. முடித்தேன். இன்றும் எங்கள் வீட்டுப் பந்தியில் யார் இலைக்காவது பாயசம் தப்பிவிட்டால், "என்னங்க, இந்த எலைய சித்தப்பா காடாக்கிட்டீங்க!" என்று குரல் வரும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

போன மாதம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துவிட்டேன். தகர முறையைப் பற்றித்தான் ஆய்வு. முதல் பேட்டி சித்தப்பாவிடம். நோட்டைத் திறந்து, "நீங்க ஏன் முறைக்கு வர்றதில்ல?" என்றேன்.

"இந்தத் தடவையாச்சும் முழுசாக் கேட்டுட்டு எழுது" என்றார்.

பேனாவை மூடி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன்.