மாமாவை முந்திய மோட்டார் சைக்கிள்

வேகமான வண்டி வைத்திருப்பவனுக்கு எங்கள் ஊரில் எப்போதும் ஒரு வேலை காத்திருக்கும்: செத்தவீடு சொல்ல, அதாவது சாவுச் செய்தி கொண்டு, ஊரூராகப் போவது. அந்த வேலையைச் செய்யப் போய், உயிரோடு இருந்த ஒருவரை மூன்று ஊர்களில் சாகடித்தவன் நான் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

எண்பத்துநான்கு, எண்பத்தைந்து காலம். கொழும்பில், வெளிநாட்டுக்குப் புறப்பட்ட சிநேகிதன் ஒருவனிடம் நானூறு சீசீ, நாலு சிலிண்டர் மோட்டார் சைக்கிள் வாங்கிப் புங்குடுதீவுக்குக் கொண்டுவந்தேன். முன்னுக்கு மூடியில்லை, பக்கத்துக்குத் தகடில்லை, எஞ்சின் முழுக்க வெளியே தெரியும்.

"உரிச்ச கோழி மாதிரிக் கிடக்கு. மிச்சச் சாமான் பிறகு வருமோ?" என்று ஐயா கேட்டார். (அதுதான் அதன் அழகு என்று விளக்கினேன். அவர் கோழியையே நினைத்துக்கொண்டிருந்தார்.)

மூட்டை கட்டக் கரியர் இல்லை. அம்மா சேலையோடு ஒருமுறை ஏறி, வாசற்படலை வரை வந்து, இறங்கிக் கோயிலுக்கு நடந்தே போனார். ஐந்தாம் கியர் போடலாம் என்று நினைக்கும்போது தீவு முடிந்து கடல் வந்துவிடும். மிச்சம் இரண்டு கியர் எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை. மாதம் முடிய முதல் விற்றுவிட வேண்டும் என்று ஐயா சொல்லிவிட்டார். எனக்கோ சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரம்தான் அம்மாவின் மூத்த அண்ணர், எங்கள் பெரிய மாமா, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்தபடியே பேச்சு மூச்சில்லாமல் போனார். பரிகாரியார் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மாமி குழறி அழத் தொடங்கினார். முற்றத்தில் நின்ற என்னிடம் ஐயா வந்தார்.

"உன்ரை கோழியை எடு. வேலணை, கரம்பொன், மண்டைதீவு, எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வா. ஒருக்காலாவது உதவட்டும்."

மாமா போன கவலை உண்மையாகவே இருந்தது. வண்டி பிழைத்துக்கொண்டது என்ற சந்தோஷமும் இருந்தது. (இதை மாமி வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.)

ஒழுங்கை முடிந்து தெருவுக்குத் திரும்பும்போது, மாமாவின் மகன், என் மச்சான், பின்னால் சைக்கிளில் வருவது கண்ணாடியில் தெரிந்தது. ஒரு கையை உயர்த்தி ஆட்டினான். வாயும் அசைந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தகப்பன் செத்த நேரத்தில் இவன் ஏன் எனக்குக் கை காட்டுகிறான் என்று குழம்பினேன். மரியாதைக்கு நானும் கையைக் காட்டிவிட்டு முறுக்கினேன். கடற்பாலத்தில் முதல்முறையாக ஐந்தாம் கியர் விழுந்தது.

கரம்பொன்னில் இருந்தவர் பெரியம்மா, மாமாவின் தங்கை. காணி எல்லையில் நின்ற ஒரு பனைக்காக ஏழு வருடமாக அண்ணனோடு பேச்சில்லை. செய்தியைக் கேட்டதும் வாசலிலேயே குந்திவிட்டார்.

மண்டைதீவிலும் சொல்லி முடித்து மாமா வீட்டுக்குத் திரும்பினால், முற்றம் நிறைய வேலணைச் சனம். நடுவில் பெரிய மாமா கதிரையில் இருந்து, செத்தவீட்டுக்கென்று போட்ட கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். பிறகு திரும்பப் போட்டுக்கொண்டேன்.

"நிப்பாட்டச் சொல்லித்தானே கையைக் காட்டினனான்," என்றான் மச்சான். "நீ படலை தாண்டின உடனை அப்பா கண் முழிச்சிட்டார். சாதாரண மோட்டச்சைக்கிள் எண்டால் பிடிச்சிருப்பன்."

அப்போது கரம்பொன்னிலிருந்து வாடகைக் கார் வந்து நின்றது. பெரியம்மா தலையிலடித்தபடி இறங்கினார். "என்ரை அண்ணை, அந்தப் பனையை நீங்களே எடுத்திருக்கலாமே."

மாமாவைக் கண்டதும் அழுகை பாதியில் நின்றது. யார்தான் செத்தது என்று விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கோபம் வந்தது.

"இருக்கிறியள் எண்டு தெரிஞ்சிருந்தால் வந்திருக்கமாட்டன்."

"பனையைப் பற்றிச் சொன்னது கேட்டுது," என்றார் மாமா. "வந்தனி, கோப்பியைக் குடிச்சிட்டுப் போ."

பெரியம்மா இருந்து குடித்தார். அன்றைக்குப் போகவேயில்லை.

வண்டியை ஐயா அந்தக் கிழமைக்குள்ளேயே விற்றார். வாங்க வந்தவர் நன்றாக ஓடுமா என்று கேட்டார். "தேவைக்கு மேலை ஓடும்," என்றார் ஐயா. நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

நாலு வருடத்துக்குப் பிறகு மாமா உண்மையாகவே போனார். ஐயா என் கையில் சைக்கிளைத் தந்தார். கரம்பொன்னில் பெரியம்மா படலையைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூச்சுப் பாத்தனியோ?"

"ஓம் பெரியம்மா. நானே பாத்தனான்."

அதன்பிறகுதான் அவர் அழுதார்.

இப்போதும் மழை வருகிறது என்று நான் சொன்னால்கூட, என் மனைவி கொடியில் காயும் உடுப்பை எடுக்க எழும்பமாட்டாள். "மூச்சுப் பாத்தனீங்களோ?" என்றுதான் கேட்பாள்.